நாயின் கண் சிவந்தால்: சொட்டு மருந்து விட முதல் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாயோ பூனையோ ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றால், நம்மில் அநேகர் முதலில் செய்வது ஃபிரிட்ஜ் கதவைத் திறப்பதுதான். அம்மாவுக்குக் கண்புரை ஒப்பரேஷன் செய்தபோது எழுதித் தந்த துளி மருந்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கண்ணோய் வந்த நேரம் பாமசியில் வாங்கிய போத்தல் ஒன்று கிடக்கும். "மனுசனுக்கே விடுற மருந்து, நாய்க்கு விட்டால் என்ன?" என்று இரண்டு துளி விட்டுவிடுகிறோம். சில நேரம் அடுத்த நாளே சிவப்புக் குறைந்துவிடும். வில்லங்கமே அதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் அந்தப் போத்தல்களில் பல ஸ்டீரொய்ட் கலந்தவை. டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று லேபலில் பொடி எழுத்தில் இருக்கும். ஸ்டீரொய்ட் சிவப்பை எடுப்பதில் கெட்டிக்காரன். ஆனால் கண்ணின் முன்பக்கத்தில் ஒரு கீறல் இருந்தால், அதை ஆறவிடாமல் தடுத்து, கிருமிக்கு எதிராக உடம்பு காட்டுகிற எதிர்ப்பையும் அடக்கி, புண்ணை ஆழமாக்கிவிடும். மேலே பார்த்தால் கண் தெளிந்த மாதிரி இருக்கும், உள்ளே ஓட்டை விழுந்துகொண்டிருக்கும்.

சிவப்பு என்பது ஒரு நோயின் பெயரல்ல. இமையின் உட்புறச் சவ்வு அழன்றாலும் கண் சிவக்கும், கீறல் விழுந்தாலும் சிவக்கும், கண்ணீர் வற்றினாலும் சிவக்கும், கண்ணுக்குள்ளே அழற்சி வந்தாலோ அழுத்தம் ஏறினாலோ அப்போதும் சிவக்கும். வெளியே நின்று பார்க்கிற நமக்கு எல்லாம் ஒரே சிவப்பு. மருந்தென்று வந்தால் ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு விஷம். அட்ரோபின் என்றொரு துளி இருக்கிறது, கண்மணியை விரியவைத்து உள்ளே பிடித்திருக்கிற தசைப்பிடிப்பைத் தளர்த்தி வலியைக் குறைக்கும், கண்ணுள் அழற்சிக்கு அருமையான மருந்து. அதையே அழுத்தம் ஏறிய கண்ணில் விட்டால் அழுத்தம் இன்னும் ஏறலாம், கண்ணீர் வற்றிய கண்ணில் விட்டால் மிச்சமிருக்கிற கண்ணீரும் வற்றும். ஸ்டீரொய்டும் அப்படித்தான். அல்சேஷன் நாய்களுக்குக் கண்ணின் ஓரத்திலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒரு படலம் மெல்ல நடுவை நோக்கிப் படர்கிற நோய் ஒன்று வரும், பன்னஸ் என்பார்கள், வெயிலின் புற ஊதாக் கதிர் அதை மோசமாக்கும், அதற்குக் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று ஸ்டீரொய்ட். கீறல் விழுந்த கண்ணுக்கோ அதே மருந்து கூடவே கூடாது.

ஆகவே மிருக வைத்தியர்கள் சிவந்த கண்ணைக் கண்டவுடன் மருந்தெழுதாமல் மூன்று விஷயத்தைப் பார்ப்பார்கள். கண்ணீர் போதுமா, மேற்பரப்பு முழுசாக இருக்கிறதா, உள்ளே அழுத்தம் எவ்வளவு. இந்த மூன்றையும் விளங்கிக்கொண்டால் நாய் பூனையின் கண் வைத்தியத்தில் முக்கால்வாசி விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். செய்கிற வரிசைக்கும் அர்த்தம் இருக்கிறது. வேறு எந்தத் துளியும் விட முதல் கண்ணீரை அளக்க வேண்டும், விட்ட பிறகு அளந்தால் மருந்துத் தண்ணீரையும் சேர்த்து அளப்பதாகிவிடும். வைத்தியரிடம் கொண்டுபோகிற நாளில் "ஏதும் விட்டீங்களா?" என்று கேட்பது அதற்காகவும்தான், மறைக்காமல் சொல்லிவிடுங்கள், போத்தலையே கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

முதலில் மேற்பரப்பைப் பார்ப்போம், எங்கள் ஊரில் அதிகம் கெடுவது அதுதான். கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற பகுதி கோர்னியா. நாயில் அதன் தடிப்பு சுமார் அரை மில்லிமீற்றர், அவ்வளவுதான். இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது, இருந்தால் ஒளி போகாதே. கண்ணீரும் உள்ளேயிருக்கும் திரவமும்தான் அதற்குச் சாப்பாடு. நரம்போ தாராளமாக இருக்கிறது, அதனால்தான் ஒரு தூசு விழுந்தாலும் நாய் கண்ணைத் திறக்க மாட்டேன் என்று நிற்கும். மேலே மெல்லிய தோல் போன்ற அடுக்கு, அதன் கீழே கொலாஜன் நார்களால் ஆன தடித்த அடுக்கு, அதற்கும் கீழே டெசிமெட் என்கிற மிக மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வும் கிழிந்தால் கண் உடைந்தது என்று அர்த்தம்.

மேலடுக்கில் கீறல் இருக்கிறதா என்பதைப் பல நேரம் வெறுங்கண்ணால் சொல்ல முடியாது, அனுபவப்பட்ட வைத்தியருக்கும் முடியாது. அதற்குத்தான் புளோரசீன் சாயம். ஆரஞ்சு நிற முனையுள்ள ஒரு காகிதக் கீற்றை உப்பு நீரில் நனைத்துக் கண்ணில் தொடுவார்கள், பிறகு உப்பு நீரால் கழுவிவிட்டு, லைட்டை அணைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். மேலடுக்கு முழுசாக இருந்தால் சாயம் சேம்பிலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் ஓடிவிடும். கீறல் இருந்தால் கீழிருக்கிற நார் அடுக்கு சாயத்தை உறிஞ்சிக்கொண்டு பளீரென்று பச்சையாக மின்னும்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மேல்வீட்டு அக்காவின் ஷிட்சூவுக்கு இதைச் செய்தபோது நாயைப் பிடித்துக்கொள்ள நானும் போயிருந்தேன். கண்ணின் நடுவுக்குச் சற்றுக் கீழே, அரிசி மணியளவில் ஒரு பச்சை. வெளியே நின்று பார்த்தபோது அங்கே ஒன்றுமே தெரியவில்லை. அக்கா அதைவிட வேறொன்றைக் கண்டுதான் பதறினார்: கொஞ்ச நேரத்தில் நாயின் மூக்குத் துவாரத்திலும் பச்சை எட்டிப் பார்த்தது. "ஐயோ டொக்டர், மூக்காலே வருதே!" வைத்தியர் சிரித்துவிட்டு, "வந்தால் நல்லது மிஸ், கண்ணீர்க் குழாய் அடைபடவில்லை என்று அர்த்தம்" என்றார். கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது, சாயம் அதால் இறங்குகிறது. தட்டை மூஞ்சி நாய்களில் அது தொண்டைப் பக்கமும் போய்விடலாம், ஆகவே மூக்கில் வராவிட்டால் உடனே அடைப்பு என்று முடிவுகட்டக் கூடாது.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. டெசிமெட் சவ்வும் சாயத்தைப் பிடிக்காது. புண் அந்தச் சவ்வு வரை இறங்கிவிட்டால், ஓரத்தில் பச்சை வளையமும் நடுவில் தெளிவான கறுப்பு வட்டமுமாகத் தெரியும். தெரியாதவர் பார்த்தால் நடு ஆறிவிட்டது என்று நினைப்பார், உண்மையில் கண் உடைய ஒரு நூலிழைதான் மிச்சம். அந்த நிலையில் நாயை ஓட்டோவில் ஏற்றும்போது கழுத்தை இறுக்கிப் பிடிப்பதுகூட ஆபத்து.

சாதாரணக் கீறல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. காரணத்தை நீக்கி, கிருமி தொற்றாமல் ஒரு அன்டிபயொட்டிக் துளி விட்டு, சொறியாமல் கழுத்தில் கூம்பு மாட்டிவிட்டால், மேலடுக்கு ஒரு கிழமைக்குள் மூடிக்கொள்ளும். ஒரு கிழமை தாண்டியும் மூடவில்லையென்றால் துளியை மாற்றி மாற்றி விடுவதில் அர்த்தமில்லை, எதையோ தவறவிட்டிருக்கிறோம்: உள்நோக்கி வளர்ந்த இமை மயிர், கண்ணின் உள்மூலையில் இருக்கிற மூன்றாம் இமைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புல் நுனி, உள்ளே மடிந்த இமை, வற்றிய கண்ணீர், இதில் ஏதோ ஒன்று. பொக்ஸர் போன்ற நாய்களில் நடுவயதுக்குப் பிறகு, காரணமே தெரியாமல் மேலடுக்கு கீழடுக்கில் ஒட்டாமல் கழன்றுகொண்டே இருக்கிற புண்ணும் வரும், அதற்கு மருந்து மட்டும் போதாது, ஒட்டாத தோலை வைத்தியர் துடைத்தெடுத்து அடியைச் சுரண்டிவிட வேண்டும். புண்ணின் விளிம்பு கரைந்து சளிபோல வழியத் தொடங்கினால் அது வேறு கதை. சூடோமோனாஸ் போன்ற கிருமிகளும் கண்ணே வெளிவிடுகிற நொதிகளும் சேர்ந்து கொலாஜனைக் கரைக்கின்றன, காலையில் சின்னப் புண்ணாக இருந்தது அடுத்த நாள் ஓட்டையாகலாம். இதற்கு மணிக்கொரு தரம்கூட மருந்து விடுவார்கள், சில இடங்களில் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தையே துளியாக விடுவதும் உண்டு, கரைக்கிற நொதிகளை அது தடுக்கும். ஸ்டீரொய்ட் விட்ட கண்கள்தான் இந்த நிலைக்கு லேசாகப் போகின்றன.

கீறல் எங்கிருந்து வருகிறது? கொழும்பு வீடுகளில் நான் காண்கிற முதல் குற்றவாளி பூனை. புதிதாகக் கொண்டுவந்த நாய்க்குட்டியை வீட்டுப் பூனைக்கு முன்னால் விடுவார்கள், குட்டி மூக்கை நீட்டும், பூனை ஒரு அறை கொடுக்கும். கைக்குழந்தை வயதில் இருக்கிற குட்டிகளுக்கு முகத்துக்கு நேரே ஏதாவது வந்தால் கண்ணை மூடுகிற பழக்கம் இன்னும் வந்திருக்காது, நகம் நேரே கண்ணில் இறங்கும். அடுத்தது கார் சன்னலால் தலையை நீட்டிக்கொண்டு காலி வீதியில் போகிற நாய்கள், பார்க்க அழகுதான், தூசும் மணலும் கண்ணில்தான் அடிக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு, சீமெந்து, கழிவறைத் திராவகம் இவை பட்டால் அது தனி அவசரம்: எந்த மருந்தையும் தேடாமல் குழாய்த் தண்ணீரால் குறைந்தது இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், சுண்ணாம்பு போன்ற காரம் திராவகத்தைவிடவும் ஆழமாக இறங்கும். கழுவிய பிறகுதான் வைத்தியர்.

அடுத்து தட்டை மூஞ்சி. ஷிட்சூ, பக், பெக்கினீஸ் எல்லாவற்றுக்கும் கண்குழி ஆழமில்லை, கண் முன்னுக்குத் தள்ளி நிற்கும், தூங்கும்போது இமை முழுசாக மூடாதவையும் உண்டு. மூக்கு மடிப்பு மயிர் கண்ணில் உரசும். எங்கள் ஊரில் இந்த இனங்களின் மோகம் தலைக்கேறிவிட்டது, ஒன்றும் சொல்வதற்கில்லை, வாங்கியாயிற்றென்றால் கண்ணை நாளுக்கொரு தரம் பாருங்கள். பெரிய நாய் கடித்துக் கழுத்தை உதறினாலோ, நாமே பிடரியை இறுக்கிப் பின்னால் இழுத்தாலோ இவற்றின் கண் இமைக்கு வெளியே பிதுங்கி வந்துவிடும். பார்க்கச் சகிக்காது. விரலால் உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான துணியை மருந்துக்கடை உப்பு நீரில் நனைத்துக் கண்மேல் போட்டு, காயாமல் பார்த்துக்கொண்டு, அந்த நிமிடமே புறப்பட வேண்டும்.

இனி கண்ணீர். ஷிர்மர் சோதனை என்பது ஒரு காகிதக் கீற்றின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது. ஒட்டோ ஷிர்மர் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் 1903இல் மனிதருக்காக விவரித்தது, இன்றைக்கும் நாய்க்கு அதுதான். 15 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் சரி, 10க்குக் கீழ் என்றால் கண்ணீர் வற்றுகிறது. பூனையில் அது பயந்திருந்தாலே எண் குறையும், ஆகவே எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.

வற்றிய கண்ணை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. பூளை தண்ணியாக இல்லாமல் கெட்டியாக, பச்சை மஞ்சளாக, கண்ணில் ஒட்டிக்கொண்டு நூல் இழுக்கும். துடைத்த ஒரு மணித்தியாலத்தில் திரும்ப வரும். கண்ணின் பளபளப்பு போய் மங்கலாக இருக்கும். வீட்டுக்காரர் கிருமி என்று நினைத்து மாதக்கணக்கில் அன்டிபயொட்டிக் விடுவார், விடுகிற நாளில் சுகம், நிறுத்தினால் பழையபடி. பெரும்பாலும் இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. சல்ஃபா மாத்திரைகளை நீண்ட நாள் கொடுத்தாலும் வரலாம், டிஸ்டெம்பர் என்ற நாய்களின் வைரஸ் காய்ச்சலாலும் வரலாம். தடுப்பூசி போடாத தெருக் குட்டி ஒன்று இரண்டு கண்ணிலும் பூளையோடு மூக்கும் வடிந்து இருமிக்கொண்டு நின்றால், கண்ணைப் பார்க்க முதல் டிஸ்டெம்பரை நினையுங்கள், வீட்டு நாயிடமிருந்து தள்ளி வையுங்கள்.

இதற்கு மருந்து சைக்ளோஸ்போரின் களிம்பு. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பயன்பட்ட மருந்தை நாயின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்த மிருகக் கண் வைத்தியர் ரெனே கஸ்வான். அந்த நாட்டில் நாய்க்கான களிம்புக்கு 1995இல் அனுமதி கிடைத்தது, மனிதரின் வறண்ட கண்ணுக்கு அதே மருந்து துளியாக அனுமதி பெற்றது 2002இல். மனிதன் மருந்தை நாய்க்கு விடுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, இது நாயிடமிருந்து நமக்கு வந்தது. வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும், அதற்குள் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள், பலன் கிடைத்த பிறகும் வாழ்நாள் முழுக்க விட வேண்டியிருக்கும்.

கண்ணின் உள்மூலையில் சிவந்த சதை உருண்டை திடீரென்று தள்ளிக்கொண்டு வருகிறதே, செரி ஐ என்பது, அதுவும் இந்தக் கண்ணீர்க் கதையோடு சேர்ந்ததுதான். நாய் பூனைக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, அதன் அடியிலிருக்கும் சுரப்பி இடம்பெயர்ந்து வெளியே வருகிறது. ஒரு காலத்தில் அதை வெட்டி எறிந்தார்கள், ஐந்து நிமிட வேலை, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் கண்ணீரில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் தருவது அந்தச் சுரப்பி. வெட்டிய நாய்களில் பல, வருடங்கள் கழித்து வறண்ட கண்ணோடு வந்தன. இப்போது செய்வது அதை உள்ளே தள்ளிச் சவ்வால் ஒரு பை மாதிரித் தைத்து மூடுவது. யாராவது "வெட்டிவிடுவோம்" என்று லேசாகச் சொன்னால், இன்னொருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது அழுத்தம். கண்ணுக்குள் ஒரு திரவம் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும், அதுதான் குளுக்கோமா. நாயில் சாதாரண அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 25 மில்லிமீற்றர் இரசம். டொனோமீற்றர் என்ற கருவியின் சின்ன ஊசிமுனை கண்ணைத் தொட்டுத் தொட்டுத் துள்ளி அளவு காட்டும், நாய்க்கு உணர்வதே இல்லை. மனிதருக்கு வருகிற குளுக்கோமா பெரும்பாலும் மெல்ல மெல்லப் பார்வையைத் தின்னும், நாயில் அப்படியில்லை, சட்டென்று ஏறி ஓரிரு நாளில் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். வலியும் கடுமையானது. கண் சிவந்து, கோர்னியா நீலம் பாய்ந்து, கண்மணி பெரிதாக விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால், நாய் சாப்பிடாமல் மூலையில் படுத்திருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். கொக்கர் ஸ்பானியல் வைத்திருக்கிறவர்கள் கூடுதல் கவனம். கழுத்துப் பட்டியில் இழுத்தாலே கண்ணழுத்தம் கூடும், இப்படியான நாய்க்கு நெஞ்சுப் பட்டி போடுவது நல்லது.

இதற்கு நேர் எதிரானது கண்ணுள் அழற்சி. கண்மணி சின்னதாகச் சுருங்கும், அழுத்தம் இறங்கும், வெளிச்சம் பிடிக்காது. இலங்கையில் இப்படி ஒரு கண்ணைக் கண்டால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்காமல் விடக் கூடாது. நாயுண்ணி பரப்புகிற எர்லிக்கியா என்ற கிருமி இரத்தத் தட்டுகளைக் குறைத்து, கண்ணுக்குள்ளேயே இரத்தம் கசிய வைக்கும். கண்மணிக்கு முன்னால் சிவப்பாக ஒரு மட்டம் தேங்கி நிற்பதைக் காணலாம். இங்கே கண்ணுக்குத் துளி விட்டால் மட்டும் போதாது, இரத்தப் பரிசோதனை செய்து டொக்ஸிசைக்ளின் மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும். கண் வைத்தியத்துக்கென்று போய் உண்ணிக்கு மருந்தோடு திரும்பி வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வயதான நாயின் கண் வெளுப்பது பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் இரண்டு கண்ணிலும் லேசான நீலச் சாம்பல் மங்கல் தெரிந்தால் பெரும்பாலும் அது வில்லை இறுகுவது, நரை மாதிரி வயதோடு வருவது, பார்வை நன்றாகவே இருக்கும். பஞ்சுத் துண்டொன்றைச் சத்தமில்லாமல் முன்னால் போட்டுப் பாருங்கள், கண் அதைப் பின்தொடர்ந்தால் சரி. கண்புரை என்றால் பால் வெள்ளையாக இருக்கும், பின்தொடராது. இரண்டு கண்ணும் சில கிழமைகளில் வெளுத்து, நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் நீரிழிவு. நீரிழிவு நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வரும், பூனைகளுக்கு அபூர்வம். கண்புரையைக் கரைக்கிற துளி என்று எதையாவது விற்றால் வாங்காதீர்கள், ஒப்பரேஷன் ஒன்றுதான் வழி. இப்படியான சிக்கலான கண்களுக்கு உங்கள் வைத்தியரே வேறிடத்துக்கு எழுதித் தருவார், நாட்டின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன.

பூனைக்கு வருவோம். சந்தையடியிலும் கோயில் வாசலிலும் விட்டுச் சென்ற குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு இமையும் பூளையால் ஒட்டிக் கிடக்கும். பெரும்பாலும் பூனை ஹேர்ப்பிஸ் வைரஸ், சில நேரம் கிளமிடியா என்ற பக்டீரியா, சில நேரம் இரண்டும். குட்டிகளின் கண் பிறந்து ஏழு முதல் பதினான்கு நாளில் திறக்கும். அதற்கு முதலே மூடிய இமை புடைத்திருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, வைத்தியர் திறந்து கழுவாவிட்டால் கண்ணே போகும். திறந்த கண் ஒட்டிக்கொண்டால், வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்து ஊறவிட்டு, உள்மூலையிலிருந்து வெளியே துடையுங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு. காய்ந்ததைப் பிய்க்க வேண்டாம்.

அந்த ஹேர்ப்பிஸ் மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பூனையின் நரம்புக்குள் வாழ்நாள் முழுக்க ஒளிந்திருக்கும். வீடு மாறினால், புதுப் பூனை வந்தால், வெடிச் சத்தத்தில் பயந்தால் திரும்பத் தலைகாட்டும். கோர்னியாவில் மரக்கிளை போலக் கிளைவிட்ட மெல்லிய புண்ணை உண்டாக்குவதும் இதுதான், இந்தக் கண்ணில் ஸ்டீரொய்ட் விடுவது வைரஸுக்கு விருந்து வைப்பது. லைசின் பொடி கொடுத்தால் அடங்கும் என்று முன்பு சொன்னார்கள், பலன் இருப்பதாகப் பின்னர் நிரூபணமாகவில்லை. தடுப்பூசி தொற்றை முழுசாகத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும்.

பத்து வயது தாண்டிய பூனை ஒரு நாள் காலை எழும்பிக் கதிரைக் காலில் முட்டுகிறது, இரண்டு கண்மணியும் பகல் வெளிச்சத்திலும் அகல விரிந்திருக்கிறது என்றால், அது பெரும்பாலும் கண்ணில் தொடங்கிய நோயல்ல. சிறுநீரகம் அல்லது தைரொய்ட் கெட்டு இரத்த அழுத்தம் ஏறி, விழித்திரை கழன்றிருக்கும். பூனைக்கும் கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்க்கலாம், மனிதர் போடுகிற அம்லோடிபின்தான் அதற்கும், அளவை வைத்தியர் சொல்ல வேண்டும். உடனே தொடங்கினால் பார்வை கொஞ்சம் திரும்பலாம். இன்னொன்று, நாய்ச் சாப்பாட்டையே பூனைக்கும் போட்டு வளர்க்காதீர்கள். டோரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதியளவு தானாகச் செய்யாது, அது குறைந்தால் விழித்திரையும் இருதயமும் கெடும்.

வீட்டு வைத்தியம் பற்றி இரண்டு வரி. தாய்ப்பால், தேயிலைத் தண்ணி, பன்னீர், நந்தியாவட்டைச் சாறு, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், பாமசியில் விற்கிற சேலைன் மட்டும் போதும், அதுவும் கழுவுவதற்குத்தான். சிவப்பெடுக்கிற மனிதத் துளிகளில் சில, நாய் போத்தலோடு கடித்து விழுங்கினால் நஞ்சு, எட்டாத இடத்தில் வையுங்கள்.

மருந்து விடும்போது முன்னால் நின்று போத்தலைக் காட்டினால் எந்த நாயும் ஓடும். பின்னால் இருந்துகொண்டு, ஒரு கையால் தாடையைத் தூக்கி, மறு கை விரலால் மேலிமையை இழுத்து, போத்தல் நுனி கண்ணில் படாமல் மேலிருந்து ஒரு துளி. ஒன்று போதும், கண்ணால் அதற்கு மேல் பிடித்துவைக்க முடியாது, மிச்சம் கன்னத்தில்தான் வழியும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில். கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள், ஒரு சொறியில் ஒரு கிழமை வேலை வீணாகிவிடும். கண் திறந்துவிட்டது, சிவப்புப் போய்விட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், திரும்பச் சாயம் போட்டுப் பச்சை பிடிக்கவில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும். திறந்த போத்தலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பூனைக்கு அட்ரோபின் விட்டவுடன் வாயால் நுரை தள்ளினால் வலிப்பு என்று பதற வேண்டாம்: அந்த மருந்து கடும் கசப்பு, அதே கண்ணீர்க் குழாயால் இறங்கி நாக்குக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும், துளிக்குப் பதில் களிம்பாகக் கிடைக்குமா என்று அடுத்த முறை போகும்போது கேட்டுப் பாருங்கள்.